விலை குறைந்த வேட்டைத் துப்பாக்கி: பணம் எங்கே மிச்சமாகிறது?

வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மாறவே மாறாது. மலிவான ரைஃபிள் ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா, இன்னும் கொஞ்ச காலம் பொறுத்து நல்லதாக ஒன்று வாங்கலாமா? மலிவானது நல்லதாக இருக்காது என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். கூடவே, மிச்சமாகும் பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேட்பேன். தோட்டாவுக்கும் ஸ்கோப்புக்கும் என்று பதில் வந்தால் பேச்சு அங்கே முடிந்தது. வேறு பதில் வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும்.

வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், உரிமம் வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேட்டையாடலாமா கூடாதா என்ற விவாதம் பெரியது, அதற்குள் இங்கே போகவில்லை.

மலிவான ரைஃபிள் என்று நான் சொல்வது சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியட் போன்றவற்றை. எல்லாமே, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையான போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை. மேல்தர ரைஃபிள்களின் விலையில் பாதி, சில சமயம் அதற்கும் கீழே. குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டை பிளாஸ்டிக், இரும்பு மினுமினுப்பில்லாத கறுப்பு, பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. கடையில் மாட்டியிருக்கும் வரிசையில் வால்நட் மரக்கட்டை போட்ட துப்பாக்கிக்குப் பக்கத்தில் இது நின்றால் பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால் இலக்குத் தாளில் விழும் ஓட்டைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை என்பதற்கு 1958-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வந்த சாவேஜ் 110-ஐ வடிவமைத்தவர் நிக்கோலஸ் புரூவர். குறைந்த செலவில் தயாரிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. ரைஃபிள் தயாரிப்பில் கைத்திறன் அதிகம் கேட்கும் வேலைகளில் ஒன்று ஹெட்ஸ்பேஸ் சரிபார்ப்பது. தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகு அதன் அடிப்பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்ற கணக்கு அது. இடைவெளி கூடினால் வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை உறை நீண்டு கிழியலாம். குறைந்தால் போல்ட் மூடாது. பழைய முறையில் ஒரு தேர்ந்த தொழிலாளி குழலைக் கடைந்து, பொருத்திப் பார்த்து, கழற்றி, மறுபடி கடைந்து இதைச் சரிசெய்வார். புரூவர் குழலின் மேல் ஒரு நட்டைப் போட்டார். அறைக்குள் அளவுக்கட்டை ஒன்றை வைக்க வேண்டியது, அது முட்டும்வரை குழலைத் திருகி உள்ளே விட வேண்டியது, நட்டை இறுக்க வேண்டியது. அவ்வளவுதான். வேலை சீக்கிரம் முடிந்தது, அளவும் துல்லியமாக வந்தது. போல்ட்டின் தலையையும் தனித் துண்டாகச் செய்து, தோட்டாவின் அடியோடு தானாகவே நேராகப் பொருந்தும்படி கொஞ்சம் ஆட்டம் கொடுத்திருந்தார். செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடுகள் குறிதவறாமைக்கும் உதவின. ரூகர் அமெரிக்கன் உள்பட இன்றைய மலிவு ரைஃபிள்கள் பலவற்றில் அதே நட்டைப் பார்க்கலாம்.

ரெமிங்டன் 788 இன்னொரு உதாரணம். 1967 முதல் 1983 வரை தயாரானது. அதே நிறுவனத்தின் 700-ஐ வாங்க முடியாதவர்களுக்கான துப்பாக்கி, சாதாரண மரக்கட்டை, பின்பக்கம் ஒன்பது சிறிய பூட்டுப் பற்கள் கொண்ட போல்ட். அழகு கிடையாது. ஆனால் குறி பார்த்துச் சுடுவதில் அண்ணனுக்குச் சளைக்காதது என்று பெயர் எடுத்தது. பழைய 788 வைத்திருப்பவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

எதிர்த்திசையில் ஒரு கதையும் உண்டு. 1936-ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-ஐ 1964-ல் செலவு குறைத்து மாற்றினார்கள். கட்டையில் கையால் செதுக்கிய பிடிமான வேலைப்பாடு போய், அச்சில் அழுத்திய வேலைப்பாடு வந்தது. தோட்டாவின் விளிம்பைக் கவ்விக்கொண்டே உள்ளே கொண்டுபோகும் பெரிய நகமும் போனது. வேட்டைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அறுபத்து நாலுக்கு முந்தியது, பிந்தியது என்று பிரித்துப் பேசும் வழக்கம் அன்றிலிருந்துதான் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கோபம் முழுக்க நகத்தின் மேலும் தோற்றத்தின் மேலும்தான், பிந்தியவை குறி தவறுகின்றன என்பதற்காக அல்ல. மலிவு என்ற சொல்லைக் கேட்டதும் எதை இழக்கிறோம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

குழலில் எதையும் பெரிதாக இழப்பதில்லை. குழலின் உட்புறத்தில் ஓடும் சுழல் வரிகளை ஒரு காலத்தில் ஒற்றைக் கத்தியால் மெல்ல மெல்லச் சீவி எடுத்தார்கள், ஒரு குழலுக்கே நிறைய நேரம் பிடிக்கும். அப்புறம் மிகக் கடினமான உலோகப் பொத்தான் ஒன்றைத் துளை வழியே அழுத்தி இழுத்து வரிகளை ஒரே ஓட்டத்தில் பதிக்கும் முறை வந்தது. சாவேஜ் அதைத்தான் செய்கிறது. ரூகர் செய்வது சுத்தியல் முறை: வரிகளின் அச்சு உள்ள தண்டைத் துளைக்குள் விட்டு, வெளியிலிருந்து இயந்திரச் சுத்தியல்களால் அடித்துக் குழலை அதன் மேல் படிய வைப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு ஜெர்மனியில் உருவான முறை அது. இயந்திரத்தின் விலை பயங்கரமானது, ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்தடுத்துக் குழல் வந்துகொண்டே இருக்கும். விலை கூடிய, பின்லாந்தின் டிக்கா ரைஃபிள்களிலும் சுத்தியல் முறைக் குழல்கள்தான். ரூகருக்கும் டிக்காவுக்கும் விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் குழலை விட்டுவிட்டு மற்ற பக்கம்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு துல்லியம் போதும் என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. துப்பாக்கிக்காரர்கள் எம்ஓஏ என்ற கோண அளவில் பேசுவார்கள். 1 எம்ஓஏ என்றால் 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர். இன்று மலிவு ரைஃபிள்கள் பொருத்தமான தோட்டாவோடு ஒன்றரை எம்ஓஏ பக்கம் வருவது சாதாரணம், ஒன்றுக்கும் கீழே போவதும் உண்டு. பெருந்தன்மையாக 2 என்றே வைத்துக்கொள்வோம். 200 மீட்டரில் அது 12 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். இடம் மிச்சம் இருக்கிறது. சாய்மானம் எதுவும் இல்லாமல் நின்றுகொண்டு சுடும் மனிதன் 100 மீட்டரிலேயே அந்த வட்டத்துக்குள் எல்லாக் குண்டையும் போட முடிந்தால் அவனுக்கு நான் சலாம் போடுவேன். ஆட்டம் மனிதனுடைய கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வழி விலகல். என் துப்பாக்கி அரை எம்ஓஏ என்று சொல்லி, மூன்று ஓட்டை ஒன்றாகச் சேர்ந்த தாளைக் காட்டுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். மூன்று குண்டு எதையும் நிரூபிக்காது. ஒரே துப்பாக்கியில், ஒரே தோட்டாவில், பத்துக் குண்டுகளின் பரவல் சராசரியாக மூன்று குண்டுகளின் பரவலைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக இருக்கும். இது துப்பாக்கியின் குறை அல்ல, வெறும் நிகழ்தகவுக் கணக்கு. நல்ல மூன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குப்பையில் போடுவதும் நடக்கும். மலிவு ரைஃபிளையும் விலையுயர்ந்ததையும் ஒப்பிட நினைத்தால் இரண்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள், நடுவில் குழல் ஆற நேரம் கொடுத்து. மெல்லிய வேட்டைக் குழல் சூடானால் குண்டு விழும் இடம் நகர்ந்துகொண்டே போகும். விலை என்னவாக இருந்தாலும் இதே கதைதான்.

சரி, பணம் எங்கேதான் மிச்சமாகிறது?

முதலில் மேற்பரப்பில். கண்ணாடிபோலப் பளபளக்கும் இரும்புக்கு மனித உழைப்பு நிறைய வேண்டும். மணல் வீசியதுபோன்ற மங்கிய மேற்பரப்பில் இயந்திரக் கத்தியின் தடங்கள் மறைந்துவிடும், கையால் தேய்க்க ஆள் வேண்டாம். காட்டில் மங்கலே நல்லது, வெயிலில் மின்னாது. துரு மட்டும் சீக்கிரம் பிடிக்கும், அதனால் மழையில் நனைந்த நாளில் துடைத்து எண்ணெய் போடாமல் தூங்கப் போகக் கூடாது. போல்ட் ஓட்டமும் மலிவில் சொரசொரப்பாக இருக்கும், மணலில் இழுப்பதுபோல. சில மாதங்கள் பழகப் பழக அது ஓரளவு வழிக்கு வரும். டிக்காவின் வழவழப்பு மட்டும் ஒருநாளும் வராது. அது வேண்டும் என்று மனம் ஒட்டிக்கொண்டால் அதற்கான பணத்தைக் கொடுக்க வேண்டியதுதான். நான் கேலி செய்ய மாட்டேன், எனக்கும் அந்தச் சபலம் இருக்கிறது. அந்த டிக்காவிலேயே எல்லா வகைத் தோட்டாவுக்கும் ஒரே நீளமுள்ள உடற்பகுதியைத்தான் பயன்படுத்துகிறார்கள், விசைக்காப்பு வளையம் பிளாஸ்டிக். ஆக, செலவைக் குறைக்காத தொழிற்சாலை இல்லை. எங்கே குறைப்பது என்பதில்தான் சாமர்த்தியம்.

விசையைப் பற்றி இன்று அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வரும் விசையை இழுக்க விரல் வலிக்கும். வழக்குக்குப் பயந்து கனமாக வைத்திருந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் சாவேஜ் அக்யூட்ரிகரைக் கொண்டுவந்தது. விசையின் நடுவே ஒரு மெல்லிய தகடு, அதை அழுத்தாமல் விசை விடுபடாது, அதனால் இழுப்பை இலேசாக வைத்தாலும் ஆபத்தில்லை. மற்றவர்களும் அந்த வழியில் வந்தார்கள். ரூகர் அமெரிக்கனிலும் தகடு உண்டு, இழுப்பின் கனத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். விலை கொடுத்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ரெமிங்டன் 700-ன் பழைய விசைப்பொறி, விசையை இழுக்காமலே வெடிக்கிறது என்று எழுந்த வழக்கில், விசையை இலவசமாக மாற்றித்தரும் உடன்பாட்டுக்கு நிறுவனம் 2014-ல் வந்தது. குறைபாடு இருப்பதாக அது ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 700 மலிவுத் துப்பாக்கி அல்ல.

நிஜமான சிக்கல் கட்டையிலும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசினிலும் இருக்கிறது.

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதி வளையும். குழல் கட்டையைத் தொடாமல் மிதக்க வேண்டும் என்பது விதி. அப்போதுதான் ஒவ்வொரு குண்டுக்கும் குழல் ஒரே மாதிரி அதிரும். மேசையில் மணல்மூட்டையின் மேல் மெதுவாக வைத்துச் சுடும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். காட்டில் மரக்கிளையின் மேல் அழுத்தியோ, தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கியோ சுட்டால் முன்கட்டை வளைந்து குழலை முட்டும், குண்டு வேறு இடத்துக்குப் போகும். கடையிலேயே சோதிக்கலாம். ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, முன்கட்டையைக் குழலோடு சேர்த்துக் கையால் அழுத்திப் பாருங்கள். தாள் சிக்கிக்கொண்டால், உங்கள் கை அழுத்தத்துக்கே அது வளைகிறது என்று பொருள். உள்பக்கத்தை உரசி இடைவெளியைக் கூட்டலாம், கட்டைக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே எபாக்சி பசை ஊற்றி விறைப்பாக்கலாம். பின்னால் வேறு கட்டையும் வாங்கலாம். இதெல்லாம் சரிசெய்யக் கூடியது, அதனால் இதற்காக ஒரு துப்பாக்கியைத் தள்ளிவைக்க மாட்டேன்.

மேகசினுக்காகத் தள்ளிவைப்பேன். கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் மேகசினின் உதடுகள் சரியில்லை என்றால் இரண்டாவது தோட்டா மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், போல்ட் அதில் போய் இடிக்கும். அதுவும் முதல் குண்டு பட்டுக் காயத்தோடு விலங்கு ஓடும் நேரத்தில். பூட்டு தளர்வாக இருந்தால், புதரைத் தாண்டி நடந்தபின் மேகசின் எங்கே விழுந்தது என்றே தெரியாது. என்னிடம் இருந்த ஒன்று தட்டினால்தான் மாட்டும், தட்டாமலே கழலும். அதனால் எந்த மலிவு ரைஃபிளைப் பார்த்தாலும் முதலில் மேகசினைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் பார்ப்பேன். கடைக்காரர் முறைக்கட்டும். வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டாக்களை நிரப்பி, மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை, துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து ஒருமுறை போல்ட்டை இயக்கிப் பார்ப்பேன். கழற்ற முடியாத, உள்ளேயே அமைந்த மேகசின் உள்ள மாதிரி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பேன். தொலைக்க ஒன்றுமில்லை.

அடுத்தது ஸ்கோப். துப்பாக்கியோடு சேர்த்தே விற்கும் ஸ்கோப் கட்டுகளை வாங்காதீர்கள் என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்திருப்பேன், ஆனால் நிறையப் பேர் அதில்தான் விழுகிறார்கள். வேட்டையின் முக்கிய நேரம் விடியலும் அந்தியும். அப்போது கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் முக்கியம். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அது வரும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியில் 9 மடங்குப் பெருக்கம் வைத்தால் 4.4 மில்லிமீட்டர், 6 மடங்குக்கு இறக்கினால் 6.7. இருட்டில் விரிந்த மனிதக் கண்மணி வயதைப் பொறுத்து 5 முதல் 7 மில்லிமீட்டர். எனவே பெரிய பெருக்கத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம், குறைந்த பெருக்கத்தில் நல்ல கண்ணாடி வாங்குங்கள். ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் திருகுகளையும் அளவாக இறுக்குங்கள். துப்பாக்கி சரியில்லை என்று வரும் புகார்களில் பாதி தளர்ந்த திருகாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

எந்தத் தோட்டா என்பதில் மலிவு ரைஃபிளுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் கட்டையாலும் மெல்லிய குழலாலும் எடை குறைந்திருக்கும், பல மாதிரிகள் 3 கிலோவைச் சுற்றியே. நடக்கும்போது சுகம், சுடும்போது இல்லை. துப்பாக்கியின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சுடும்போது தோளில் இடிக்கும் உதைப்பின் ஆற்றல் கால் பங்கு கூடும். இப்படிப்பட்ட துப்பாக்கியில் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான தோட்டாவுக்கானதை வாங்குகிறவர்கள் சில தோட்டாக்களிலேயே கண்ணை மூடிக்கொண்டு சுடப் பழகிவிடுகிறார்கள். மானுக்கு .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர் போன்ற மென்மையான தோட்டாக்களே தாராளம். .243-ன் உதைப்பு .30-06-இன் உதைப்பில் ஏறக்குறைய பாதிதான். எதையாவது ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் பயன்படுத்த வேண்டும் என்றால் 1952-ல் வந்த .308 வின்செஸ்டர் இருக்கிறது. எங்கே போனாலும் கிடைக்கும், கடைகளில் அதன் மலிவான பயிற்சித் தோட்டாக்களும் இருக்கும். மிச்சமான பணம் வேலை செய்வது இங்கேதான். உட்கார்ந்து, மண்டியிட்டு, கம்பில் சாய்த்து, மூச்சு வாங்க மேடேறி வந்து என்று எல்லா விதத்திலும் சுட்டுப் பழகத் தோட்டா வேண்டும். விலையுயர்ந்த ரைஃபிளை வாங்கிவிட்டு வருஷத்துக்கு ஒரு பெட்டித் தோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறவரைவிட, மலிவானதை வாங்கி நாலைந்து பெட்டி சுடுகிறவர் விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும் வாய்ப்பு குறைவு.

பழைய துப்பாக்கி வாங்கலாமே என்பார்கள். நல்ல யோசனைதான். அதே விலைக்கு மரக்கட்டையும் வழவழப்பான போல்ட்டும் உள்ள பழைய ஹோவா 1500-ஓ சாவேஜ் 110-ஓ கிடைத்தால் நானே கை நீட்டுவேன். குழல் வாயின் விளிம்பில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா, கட்டையைக் கழற்றினால் உள்ளே துரு இருக்கிறதா, விசையில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போக வேண்டும். அப்படி யாரும் இல்லாதவருக்குப் புதிய மலிவு ரைஃபிளே பாதுகாப்பு. விற்கும்போது விலை போகாது என்பது உண்மை. நான் அதைப் பொருட்படுத்துவதில்லை, துப்பாக்கியை முதலீடாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

யாருக்கு வேண்டாம் என்றால், திருப்பித் தாக்கும் விலங்கின் பின்னால் போகிறவருக்கு வேண்டாம். அங்கே 1898-ன் ஜெர்மன் மவுசர் ரைஃபிளின் வழியில் வந்த, தோட்டாவைக் கவ்விக்கொண்டே உள்ளே தள்ளும் பெரிய நகம் வேண்டும், எந்த நிலையிலும் இரண்டாவது தோட்டா வந்து உட்கார வேண்டும். நாள்கணக்கில் மழையிலும் உப்புக்காற்றிலும் துப்பாக்கியைச் சுமக்கிறவர் துருப்பிடிக்காத எஃகுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடுவது நல்லது. இடதுகைக்காரர்களுக்கு மலிவில் தேர்வு குறைவு, கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மற்ற எல்லோருக்கும், ஒரு பருவத்தில் சில வாரக்கடைசிகள் மட்டும் மானைத் தேடிப் போகிறவருக்கு, இன்று என்னைக் கேட்டால் .308-ல் ஒரு ரூகர் அமெரிக்கன் அல்லது அக்யூட்ரிகர் உள்ள ஆக்சிஸ், அதன் மேல் துப்பாக்கியின் விலைக்குக் குறையாத ஒரு ஸ்கோப், நல்ல வளையங்கள், கூடுதலாக ஒரு மேகசின். மீதி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கும் ஒரே வகைத் தோட்டா.